காத்து இறங்கிருச்சு

விக்ரம்: என்னடா, சைக்கிள்ல இருந்து இறங்கிட்ட?

ஆல்பின்: பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு.

விக்ரம்: ஏன்டா... சமணர் மலையைச் சுத்தி அம்புட்டுப் பாறையிலயும் இறங்காம வந்த. கண்மாய்க் கரை ஏத்தத்துல நான் உருட்டுனதைப் பாத்து அப்பிடிச் சிரிச்ச. இங்க பளபளன்னு சிமெண்ட் ரோடு...

ஆல்பின்: முள்ளு ஏறிருக்கும். நீ ஏறிப் போ, நான் உருட்டிக்கிட்டு வாரேன்.

விக்ரம்: எங்க தெருவுல ஏதுடா முள்ளு? சரி, நானும் உருட்டுறேன். ஆமா மாப்ள, போன்ல ரூட்டைப் போட்டது நீதான? ஊருக்கு வெளிய தார் ரோடு இருக்கு. அதை விட்டுட்டு எங்க தெருவுக்குள்ள எதுக்கு இழுத்த?

ஆல்பின்: உங்க வீட்டுக் காபிக்குத்தான். மூணு வருசமா ஒரே ஆபீஸ், பக்கத்துப் பக்கத்து சீட்டு... ஒரு நாளாச்சும் வீட்டுக்குக் கூப்பிட்டியா?

விக்ரம்: அது... அமையலடா. இன்னிக்கும் வேணாம், வெயில் ஏறிரும். நேரா தென்கரைக் கோயிலைப் பாத்துட்டு, சோழவந்தான்ல டீ குடிப்போம்.

ஆல்பின்: காபிக்கு வந்தவனுக்கு டீயா?

விக்ரம்: மெதுவாப் பேசுடா... அந்தப் பச்சை கேட்டுத்தான் எங்க வீடு. அப்படியே தாண்டிருவோம்.

விக்ரம் அப்பா: டேய் விக்ரமு! சொந்த வீட்டைத் தாண்டி எங்கடா போற?

விக்ரம்: இல்லப்பா... அவசரம்...

விக்ரம் அப்பா: ஞாயித்துக்கிழமை என்ன அவசரம்? வாங்க தம்பி, வாங்க. நாகர்கோவில் தம்பிதான? இவன் சொல்லிருக்கான். ஒக்காருங்க. தாமரைச்செல்வி! ரெண்டு காபி போடும்மா. அந்தப் புது டம்ளரை எடு, தம்பி முதத் தடவையா வந்திருக்காப்ல.

விக்ரம்: தங்கச்சி படிச்சுக்கிட்டு இருக்கும்ப்பா, விடுங்க, நாங்க கிளம்புறோம்...

ஆல்பின்: நாகர்கோவிலா? யாரு அங்கிள் சொன்னா?

விக்ரம் அப்பா: இவன்தான். ஏன், இல்லையா?

ஆல்பின்: இல்ல அங்கிள், நான் இங்கிட்டுத்தான். யேசுதாஸ் வாத்தியார் மகன்.

விக்ரம் அப்பா: ...எந்த யேசுதாஸ்?

ஆல்பின்: கண்மாய்க்கு அங்கிட்டு, சர்ச் பள்ளிக்கூடத்துல...

விக்ரம் அப்பா: அட! அந்த வாத்தியார் மகனா நீயி? நல்ல மனுசன்ப்பா! அம்புட்டுப் படிச்சும், கடைசி வரைக்கும் இந்தத் தெருவுல சைக்கிளை உருட்டிக்கிட்டுத்தான் போனாரு. யாரும் ஒரு வார்த்தை சொல்ல வச்சதில்ல. நீயும் இப்ப உருட்டிக்கிட்டு வந்ததைப் பாத்தேன். வளத்த வளப்பு அப்பிடி.

விக்ரம்: அப்பா... போதும்ப்பா.

விக்ரம் அப்பா: நல்லதைத்தானடா சொல்றேன்! தாமரை... டம்ளர் வேணாம்மா. திருவிழாவுக்கு வாங்குன பேப்பர் கப்பு கிடக்கும், அதுல ஊத்து. அவசரமாப் போறாங்கள்ல.

ஆல்பின்: காபி வேணாம் அங்கிள். நான் வாரேன்.

விக்ரம் அப்பா: உங்கப்பா என்னைய ஐயான்னு கூப்பிடுவாரு... பரவால்ல, காலம் மாறிப்போச்சு. போய்ட்டு வா.

விக்ரம்: தெரு முடிஞ்சிருச்சு மாப்ள. எதாச்சும் பேசுடா. திட்டவாவது செய்.

ஆல்பின்: நாகர்கோவில் நல்ல ஊரு. என்னைய எதுக்கு அங்க பொறக்க வச்ச?

விக்ரம்: உன் பேரைச் சொன்னதுமே, வேதக்காரப் பயலா, எந்த ஊரு, என்ன ஆளுன்னு ஆரம்பிச்சுட்டாரு. தூரத்து ஊரைச் சொன்னா தோண்ட மாட்டாருன்னு... உனக்காகத்தான்டா.

ஆல்பின்: எனக்காகவா?

விக்ரம்: ...இல்ல. எனக்காகத்தான்.

ஆல்பின்: சின்னப் புள்ளையில அப்பா என்னைய சைக்கிள் முன் கம்பியில உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவாரு. உங்க தெரு முக்கு வந்ததும், 'காத்து இறங்கிருச்சு, இறங்குப்பா'ம்பாரு. தெரு முடிஞ்சதும் திரும்ப ஏத்திக்கிருவாரு. ஒரு நாளும் அவரு பம்ப் எடுத்து நான் பாத்ததில்ல.

விக்ரம்: நீ கேக்கலையா?

ஆல்பின்: உங்க தெருவுல முள்ளு ஜாஸ்தின்னு நெனச்சேன். சாகுற வரைக்கும் அவரு வாயைத் தொறக்கல. அவரை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கு அம்மாதான் சொன்னாங்க. எங்க ஆளுக உங்க தெருவுல சைக்கிள்ல ஏறிப் போகக் கூடாதாம். போனா கீழ தள்ளி மிதிப்பாகளாம்.

விக்ரம்: எனக்கு... அரசல்புரசலாத் தெரியும். கேக்கப் பயம்டா. வா, இப்பவே திரும்புவோம். ரெண்டு பேரும் ஏறி, பெல் அடிச்சிக்கிட்டு அவர் முன்னாடி போவோம்.

ஆல்பின்: அது உன் தெரு. நீ எப்ப வேணாலும் போகலாம்.

விக்ரம்: அப்ப டயரையாச்சும் காட்டு, பம்ப் என் பையில இருக்கு... டேய், என்னடா இது? கல்லு மாதிரி இருக்கு! காத்து எங்கடா இறங்குச்சு?

ஆல்பின்: இறங்கலடா. நான் இந்த சைக்கிளை வாங்குனதே, இந்த ரூட்டைப் போட்டதே, உங்க தெருவுல ஒரு தடவையாச்சும் ஏறிப் போயிரணும்னுதான். அம்புட்டுப் பாறையில இறங்காத காலு... உங்க தெரு முக்கைப் பாத்ததும் தானா இறங்கிருச்சு.