மூன்றாவது பெட்டி

— போன வருசத்துத் தண்ணி ரீடிங்கைப் போட மாட்டேண்ணே. என் கை அதுக்கு வராது.

— ஜாய்ஸ், சொன்னாக் கேளு தாயி. பேரையூர்ல விசாரணை ஆரம்பிக்கப் போகுது. போன்ல நம்ம ஆப்பைத் தொறந்தா ஏதோ ஒரு ரீடிங் தெரிஞ்சாப் போதும்ல?

— ஏதோ ஒண்ணா? தண்ணிக் கம்பெனிக்காரன் ‘மோட்டருக்குச் சீல் வச்சதுலருந்து சொட்டுத் தண்ணி எடுக்கல’ன்னு சத்தியம் பண்றான். ஊர்க்காரங்க ‘எடுக்குறான், எங்க கிணறெல்லாம் வத்துது’ன்னு அழுகுறாங்க. அவன் போர்வெல்லுக்குள்ள இருக்குறது நம்ம சென்சாரு. ஊருக்காகப் பேசப் போயிருக்குற தங்கப்பொண்ணக்கா போன்ல அந்த ரீடிங்கைப் பாத்துத்தான் ஆபீசர் முடிவு சொல்லப் போறாரு. இன்னைக்கு விட்டா சீலை எடுத்துருவாங்கண்ணே.

— எடுக்கட்டுமே! அந்தக் கம்பெனிதான் நமக்குச் சோறு போடுது.

— சோறு போடுறவன் பொய் சொல்லச் சொன்னா, சொல்லிருவீங்களோ?

— நான் எங்க பொய் சொல்லச் சொன்னேன்? கனெக்சன் கிடைக்கல. அதனால பழசைக் காட்டுன்னேன். காலையிலருந்து நீயும் மல்லுக்கட்டுற. கிடைச்சுச்சா?

— கதவு தொறக்குதுண்ணே, அதான் எரிச்சலே. ஆப்பு போய் முத சர்வர் பெட்டியைத் தட்டுனா உள்ள விடுது. ‘நாங்க மூணு பெட்டி, டேட்டா மூணுகிட்டயும் இருக்கு, இன்னின்ன அட்ரஸ்ல போய்க் கேளு’ன்னு சொல்லியும் விடுது. ஆனா அது சொல்ற அட்ரஸ் இந்த ஆபீசுக்குள்ள மட்டுந்தான் செல்லும். பேரையூர்ல இருக்குற போனுக்கு அது எப்படித் தெரியும்? விளக்குத்தூண்கிட்ட நின்னு வழி கேட்டவனுக்கு ‘எங்க மாமா வீட்டுக்கு எதுத்த வீடு’ன்னு சொன்ன கதைதான்.

— அது அப்படித்தான் இருக்கும். விட்டுரு.

— அப்படி இருக்காது. போன வாரம் நான் வெளி அட்ரஸ் போட்டு, ஓட விட்டுப் பாத்துட்டுத்தான் போனேன். யாரோ பழையபடி மாத்திருக்காங்க. என்ன முழிக்கிறீங்க? நீங்கதான?

— ஆமா, நாந்தான். இப்ப என்னங்கிற?

— ஒண்ணுமில்ல. திருப்பி மாத்திட்டேன்.

— ஏய்! யாரைக் கேட்டு மாத்துன? இங்க ஓனர் நானா, நீயா?

— கத்தாதீங்கண்ணே. இங்க இருக்குற ரெண்டு பெட்டியைத்தான் மாத்துனேன். உங்க வீட்டுல கெடக்குற மூணாவது பெட்டி தானாவே சரியான வெளி அட்ரஸ் சொல்லுது. நேத்து வரைக்கும் ஒண்ணு, இன்னைக்கு விடிஞ்சா புதுசா ஒண்ணு. அது எப்படின்னுதான் புரியல.

— வீட்டு நெட்டு மாறியிருக்கும். பூசை ரூமுக்குப் பக்கத்துல, இன்வெர்ட்டர்ல கெடக்கு அது. அந்தக் கதை இப்ப எதுக்கு?

— சரி, விடுங்க. இந்தா பாருங்க, ஓடுது! இந்த டேட்டாபேஸ்ல ஒவ்வொரு சங்கதியும் தனித்தனி அடுக்கு. வெயிலையும் மோட்டர் சூட்டையும் நான் தொடவே இல்ல. தண்ணி மட்டம் இருக்குற அடுக்கை மட்டும் உருவுனேன். ஒவ்வொரு தடவை கேக்கும்போதும் எறங்குது பாத்தீங்களா? சீல் வச்ச மோட்டரு இந்த நிமிசம் ஓடிட்டு இருக்குண்ணே!

— ஆத்தாடி! நிப்பாட்டு ஜாய்ஸ்.

— முடியாது.

— நீ நிப்பாட்டலைன்னா நான் ஒயரைப் புடுங்குவேன்.

— புடுங்குங்க. யாரு வேணாங்கிறா?

— இந்தா, புடுங்கிட்டேன். முதப் பெட்டி முடிஞ்சுச்சு. இப்ப?

— இப்பவும் ஓடுது. ஒண்ணு படுத்தா மத்த ரெண்டும் பேசும். வேலைக்கு எடுக்கும்போது நீங்க என்கிட்ட கேட்ட கேள்விதானண்ணே இது?

— நக்கலா? ரெண்டாவதையும் புடுங்கியாச்சு. ரெண்டு பெட்டியாவது ஒத்துச் சொன்னாத்தான் பதில் வரும். அப்படி வச்சதே நாந்தான். நின்னுச்சா?

— நின்னுச்சு.

— அப்பாடா!

— அவசரப்படாதீங்க. மூச்சு வாங்கிட்டு மறுபடி கிளம்பிருச்சு. ரெண்டு சாட்சி கிடைக்கலைன்னா ஒரு பெட்டி சொல்றதை நம்புன்னு ஆப்புல நேத்தே எழுதி வச்சிட்டேன். உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?

— ஒன்னைய வேலையை விட்டுத் தூக்கிருவேன்!

— தூக்குங்க. பொய் எழுதிச் சம்பளம் வாங்குறேன்னு எங்கப்பா லூர்துராஜ் வாத்தியாருக்கு முன்னாடி போய் நிக்கிறதுக்கு, வேலை போச்சுன்னு போய் நிப்பேன்.

— எம்புட்டுத் திமிரு! இரு, மிச்சம் இருக்குறது ஒத்தப் பெட்டி. வீட்டுல சுந்தரவல்லி சுவிட்சை அமுத்துனா ஒன் வீராப்பெல்லாம் புஸ்ஸுன்னு போயிரும்.

— ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுங்க. நானும் கேக்குறேன்.

— போடுறேன், எனக்கென்ன பயமா? ஹலோ, சுந்தரவல்லி!

— அண்ணே, அக்காகிட்ட என்ன சௌராஷ்டிரத்துல பேசுறீங்க? எனக்குத் தெரியாம அப்படி என்ன ரகசியம்?

— நம்ம பாசை வேணாங்க, தமிழ்லயே சொல்லுங்க. ஜாய்ஸு பக்கத்துலதான இருக்கா, அவளும் கேக்கட்டும்.

— நீ வேற ஏன் சுந்தரவல்லி? சரி, தமிழ்லயே சொல்றேன். பூசை ரூம் பக்கத்துல இருக்குற பெட்டியை அணை. உடனே.

— அணைக்க மாட்டேங்க.

— என்னது? புருசன் சொல்றேன், கேக்க மாட்டியா?

— வீட்டு விசயம்னா கேப்பேன். இது கம்பெனி விசயம்.

— கம்பெனியைப் பத்தி ஒனக்கென்ன தெரியும்?

— ஒண்ணும் தெரியாதுதான். பொம்பளை பேருன்னா லோன் சுலபமாக் கிடைக்கும்னு என் பேர்ல ஆரம்பிச்சீங்க. கையெழுத்துப் போடு, கேள்வி கேக்காதன்னீங்க. அம்புட்டையும் போட்டேன். ‘உள்ள ரீடிங்கை உள்ளபடி காட்டுவோம்’னு பேரையூர்க்காரங்களுக்குப் போட்ட கையெழுத்தும் என்னதுதான். நேத்து நீங்க மொட்டை மாடியில நின்னுக்கிட்டு, ‘ஆப்புல ஒண்ணும் தெரியாது, நான் பாத்துக்கிறேன்’னு அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட சொன்னது என் காதுல விழுந்துச்சு. மனசே ஆறலங்க.

— அதைச் சாயங்காலம் பேசிக்கலாம். இப்ப சுவிட்சு! ஏய், அங்க என்ன ஒரே கூட்டச் சத்தமா இருக்கு? வீட்டுலதான இருக்க?

— நானும் வீட்டுல இல்ல, பெட்டியும் வீட்டுல இல்லங்க. காலையில உங்களை ஆபீசுல எறக்கி விட்ட அதே கார்லதான் ஏத்திட்டு வந்தேன். பேரையூர்ல ஆபீசர் மேசை மேல, அவங்க நெட்டுலதான் ஓடிட்டு இருக்கு. இருங்க, ‘இந்தக் கம்பெனிக்கு ஓனர் யாரு’ன்னு கேக்குறாரு. எந்திரிச்சு நிக்கணும், வைக்கிறேன்.