ஒரு துளை கூடுதல்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர்ந்தால்தான் சாயங்காலம் என்னால் ஊசியில் நூல் கோக்க முடியும். தையல்காரிக்கு இது ஒன்றும் பெரிய ஆசை இல்லை, தம்பி. ஏன் செய்தாய் என்று நீ கேட்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ஒண்டியாகத்தான் பார்த்துக்கொண்டேன். அவள் போனாள், கூடவே என் முதுகும் போயிற்று. மூச்சு விடுவதற்குள் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். நீ தொலைபேசியில் சொன்னாய்: "அக்கா, முதல்ல உன் உடம்பைப் பாத்துக்க. நீ படுத்துட்டா அப்பாவை யாரு பாக்குறது?" நல்ல வார்த்தை. வாரம் தவறாமல் சொன்னாய். நேரில் வந்துதான் சொல்லவில்லை.

படுத்திருந்த வரைக்கும் அப்பா தங்கமான மனிதர். குணமானதும்தான் வினை வந்தது. பயிற்சி கொடுக்க வந்தவர் வாக்கரைப் பிடித்து நடக்க வைத்தார். நீ கேட்டு மகிழ்ந்தாய். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சிதானே. அதற்குப் பிறகு அவர் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. வெந்நீர் வைக்கிறேன் என்று கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்தார். தெருக்கோடிக்குப் போய்த் திரும்பி வர வழி தெரியாமல் நின்றார். மெஷினை நிறுத்திவிட்டு ஓடுவதே என் பிழைப்பாயிற்று. ஒருநாள் துணியோடு சேர்த்து விரலையும் தைத்துக்கொண்டேன்.

வாக்கரின் கால்களில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கத் துளைகள் உண்டு. பொத்தானை அழுத்தினால் குழாய் நகரும். இடது முன்காலுக்கு மட்டும் ஒரு துளை கூட்டிவைத்தேன். இரண்டு விரல் அகலம்கூட இருக்காது.

என் தொழிலில் ஒன்று பார்த்திருக்கிறேன். தோள் அளவு தப்பிப்போனால், சட்டை போட்டவர் தையலைக் குறை சொல்வதற்கு முன்னால் கண்ணாடியில் தன் தோளைத்தான் பார்ப்பார். அப்பாவும் வாக்கரைப் பார்க்கவில்லை. எழுந்தார், ஆட்டம் கண்டது, உட்கார்ந்துவிட்டார்.

"காலு நிக்கலையேம்மா."

"டாக்டர் அப்பவே சொன்னாருப்பா. உங்க மனசு கஷ்டப்படும்னு நான்தான் சொல்லல."

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அப்பாவுக்கே இஷ்டமில்லை என்று சொல்லிப் பயிற்சிக்காரரையும் நிறுத்தினேன். சில காலைகளில் கட்டைவிரலை அசைத்துக் காட்டி, "அசையுது பாரேன்" என்பார். "அது நரம்பு இழுக்குதுப்பா" என்பேன். கொஞ்ச நாள் அழுதார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பிறகு பழகிக்கொண்டார். தொடை வற்றிப்போனதும் அவருடைய கால்சட்டைகளை எல்லாம் நானே பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். அதற்குப் பின் அவர் ஒருதடவைகூட விழவில்லை என்பதையும் நீ சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். நானும் மதியத்தில் தூங்கினேன்.

நேற்று நீ வந்து கை வைத்ததுமே வாக்கர் ஆடுவதைக் கண்டுபிடித்துவிட்டாய். பொத்தானை அழுத்திச் சரிசெய்துவிட்டு, "இப்ப எழுந்திருங்கப்பா, நான் பிடிச்சுக்கறேன்" என்றாய். உன் குரல் ஏன் அப்படி நடுங்கியதோ தெரியவில்லை. அப்பா உன்னைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"எழுந்திரிக்கலாமாம்மா?"

வேண்டாம் என்று தலையசைத்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். நீ வெளியே போய் அழுதாய். எனக்கானால் மனசு நிறைந்துபோயிற்று. பெற்றவர் என்னை இந்த அளவுக்கு நம்புகிறாரே, ஒரு மகளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும், நீயே சொல்.