எட்டு டிக்

போலீஸ் ஸ்டேஷன் டீ நன்றாகவே இருக்கிறது, மஞ்சுநாத் சார். சர்க்கரை மட்டும் ஒரு ஸ்பூன் கூட. இதையும் எழுதிவிடாதீர்கள், என்னைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாகிவிட்டது.

பெயர் சந்தானம். வயது நாற்பத்தாறு. சந்தாபுராவில் ஒரு நானோ மருந்து கம்பெனியில் லேப் டெக்னீஷியன். நானோ என்றதும் பயப்பட வேண்டாம். மஞ்சளில் குர்குமின் என்றொரு சரக்கு இருக்கிறது. உடம்புக்கு நல்லது என்பார்கள், ஆனால் தண்ணீரில் கரையாது. கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சித்தப்பா மாதிரி ஓரமாக ஒதுங்கி நிற்கும். அதை ஒரு கரைப்பானில் கரைத்து, பாலிமர் உறை போட்டு, தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு உருண்டையாக்கினால் பாலில்கூடக் கலந்து குடிக்கலாம்.

சிக்கல் அந்தக் கரைப்பான். கல்லீரலைத் தின்றுவிடும். அதனால் எல்லாவற்றையும் சவ்வுப் பையில் கட்டித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட வேண்டும். உருண்டை உள்ளே நிற்கும், கரைப்பான் வெளியே கசியும். எட்டு முறை தண்ணீர் மாற்ற வேண்டும். மாற்றும்போதெல்லாம் சுவரில் ஒட்டிய தாளில் ஒரு டிக். எங்கள் லேபில் தண்ணீரை யாரும் பார்ப்பதில்லை. டிக்கைத்தான் பார்ப்பார்கள்.

உருண்டை உடையாமல் நிற்க வைத்தது நான். பதினாலு மாத வேலை. பேடண்டில் மூன்று பெயர் வந்தது. முதலாளி ஹரிஷ். அவர் மனைவி சௌம்யா; டெஸ்ட் டியூபைக் கொடுத்தால் ஊதுபத்தி செருகுவார். மூன்றாவது, டீனா.

டீனா என் பக்கத்து மேஜை, பதினோரு வருஷமாக. காக்ஸ் டவுன்காரி. என் தயிர்சாதத்தைத் தின்றுவிட்டு அவள் மீன்குழம்பை என் பக்கம் தள்ளுவாள்.

"பேர் கேட்டாங்கடா, அந்த நேரம் பார்த்து உன் ஞாபகமே வரல. சாரி மச்சி, அடுத்ததுல போட்டுக்கலாம்" என்றாள்.

"என் பேரும் நானோ சைஸ்தானே, கண்ணுக்கு எங்க தெரியும்?" என்றேன். ரொம்ப நேரம் சிரித்தாள். அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை.

கோபம் ஹரிஷ் மேல். "சந்தானம் நம்ம வீட்டு ஆளு, அவருக்கெதுக்கு பேரு?" என்றார். வீட்டு ஆள் என்பதால்தான் தினமும் பதினோரு மணிக்கு அவர் மேஜைக்கு டீ கொண்டுபோகும் வேலையும் எனக்கு. அன்றிலிருந்து தூக்கத்தில் பல்லைக் கடித்தேன். பல் டாக்டர் இரண்டு பல்லுக்குத் தொப்பி போட்டு, "யார் மேல இவ்வளவு கோபம்?" என்றார். ஜோக் ஒன்று சொல்லிச் சமாளித்தேன்.

புது பேட்ச் வந்தால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மெஷினுக்குக் குங்குமம் வைத்து, மருந்தைப் பாலில் கலந்து, முதல் கிளாஸை முதலாளி எல்லோர் முன்னாலும் குடிப்பார். மற்றவர்களுக்கு மருந்து கலக்காத பால்தான்.

ஆகஸ்ட் பேட்சுக்கு நான் எட்டு டிக் போட்டேன். பையை ஒருமுறைகூடத் தண்ணீரில் போடவில்லை. ஃபிரிட்ஜில், டீனாவின் டிபன் பாக்ஸுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அளவு பார்க்கும் மெஷின் நூற்றுப் பன்னிரண்டு நானோமீட்டர் என்றது. அருமையான அளவு. மெஷினுக்கு மூக்கு கிடையாது. கரைப்பானில் லேசாக மீன் வாடை வரும். ஏலக்காயைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன்.

அன்றைக்கு ஹரிஷ் கிளாஸை டீனாவிடம் நீட்டினார். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

"பாயசம் மாதிரி இருக்குடா. இன்னும் ஸ்வல்ப ஊத்து" என்றாள்.

ஊற்றினேன்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். தினமும் போனேன். எனக்கு இளகின மனசு சார். வார்டுக்கு வெளியே அழுதேன், நர்ஸைக் கேளுங்கள். போன வருஷம் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோதும் அத்திபெலேயிலிருந்து கீழாநெல்லி கொண்டுவந்து அரைத்துக் கொடுத்தவன் நான்தான். கல்லீரல் இன்னும் தேறவில்லை என்று அவள் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். பாலில் என்ன இருந்தது என்று டாக்டர் கேட்டார். "மஞ்சள், ஏலக்காய்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. கரைப்பானின் பெயரைச் சொல்லியிருந்தால் வைத்தியம் மாறியிருக்கும். பத்தாம் நாள் காலையில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

ஹரிஷுக்கு வைத்ததை டீனா குடிக்கும்போது ஏன் தடுக்கவில்லை என்கிறீர்கள். அன்றைக்கு ஏகாதசி. ஹரிஷ் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். ஏகாதசிக்கு நான் டீ கொண்டுபோவதே இல்லை. அந்த நாளில் பேட்ச் வந்தால் முதல் கிளாஸ் டீனாவுக்கு. ஆறு வருஷமாக அப்படித்தான். பேட்சுக்கு நாள் குறிப்பதும் நான்தான். காலண்டர் என் மேஜைக்கு மேலேதான் தொங்குகிறது.

ஒன்றை மட்டும் அடித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். டீனா மேல் கோபம் என்று உங்கள் ரைட்டர் எழுதியிருக்கிறார். கிடையவே கிடையாது. கடைசி இரண்டு நாள் அவளுக்கு நினைவு குழம்பிவிட்டது, சொந்தத் தம்பியையே யாரென்று கேட்டாள். என்னைப் பார்த்ததும் "சந்தானம்" என்றாள். தெளிவாகச் சொன்னாள், சார். பார்த்தீர்களா, ஞாபகம் வந்துவிட்டது.