ஒன்பதாம் பெட், வலது கை

– கதவைத் திறக்காதீங்க சிஸ்டர்க்கா! கிளவுஸ் போட்டிருக்கேன். ஜன்னல்லயே பேசுங்க.

– சரிடி ஊமைக்கொட்டான், லேபை நீயே கட்டிக்கோ. ஒன்பதாம் பெட் குட்டி ரிசல்ட் என்னாச்சு?

– ஃப்ளூ இல்ல. கொரோனாவும் இல்ல.

– அப்போ வெறும் சளியா? நாலு வயசுப் புள்ள, மூணு நாளா ஆக்சிஜன்ல கிடந்துச்சே...

– முடிக்க விடுங்கக்கா. என்டெரோவைரஸ் இருக்கு.

– என்டெரோவைரஸா! நிச்சயமா?

– மூணு தடவை டெஸ்ட் ஓட்டிட்டேன். சாம்பிள்ல மிச்சமே கொஞ்சம்தான்.

– சாப்பிட்டியா?

– இனிமேதான்.

– அடிப்பாவி, மணி நாலு! வாயே திறக்காம எவ்ளோ வேலை பாத்திருக்கே! சரி, மருந்து இருக்கா இதுக்கு?

– தனியா இல்லக்கா. ஆனா இதுல சில வகை நரம்பையும் பிடிக்கும். கை கால் துவளும். மூச்சுத் தசையும் சோர்ந்து போகலாம். முன்னாடியே தெரிஞ்சா தயாரா இருக்கலாம். டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன், நரம்பு டாக்டரைக் கூப்பிட்டுட்டாங்க.

– அப்பாடா... மூச்சு தேவலைன்னு சாயங்காலம் வீட்டுக்கே அனுப்பறதா இருந்தாங்க. உனக்கு எப்படித் தோணுச்சு?

– எனக்கா? சாம்பிளோட வந்த ஃபாரத்துலயே இருந்துச்சே. ‘வலது கைப் பழக்கம். நேற்றிலிருந்து பொம்மையை இடது கையால் எடுக்கிறாள். என்டெரோவைரஸ் பார்க்கவும்.’ அந்தக் கண்ணு யாருக்குக்கா வரும்!

– டாக்டரம்மாவுக்கு... நல்ல கண்ணு.

– எழுத்தும்தான். அவங்க எழுதினது எனக்குப் புரிஞ்சதே இதான் முதல் தடவை.

– ஏய்...

– என்னக்கா?

– நான் எழுதினதுடி அது. டாக்டரம்மாகிட்ட சொல்லிப் பாத்தேன், ஊசி குத்தின கை, வலிக்கும்னுட்டாங்க. போன வருஷம் ஒரு பையனுக்கு இப்படித்தான் லேட்டா பாத்தோம். மனசு கேக்கல. ஃபாரத்துல அவங்க கையெழுத்துக்கு மேல கொஞ்சம் இடம் இருந்துச்சு, எழுதிட்டேன். வேலை போயிடும்டி. அந்த வரியைப் பத்தி மட்டும் அவங்ககிட்ட...

– கேட்டுட்டேனே.

– ஐயோ! எப்போ?

– டெஸ்ட் போடறதுக்கு முன்னாடியே. “இந்த வரி நீங்க எழுதினதா”ன்னு போன்ல கேட்டேன். உடனே போனை வெச்சுட்டாங்க. பத்து நிமிஷத்துல அவங்களே கூப்பிட்டாங்க. “குட்டிகிட்ட பொம்மையைக் குடுத்துப் பாத்தேன். அந்த வரி நான் எழுதினதுதான், உடனே பாரு”ன்னாங்க.