இருபத்தோராவது நிமிடம்

— அந்த ஹெட்போனை மறுபடி மாட்டிக்கக்கா. இருபத்தோராவது நிமிஷத்துலருந்து கேளு.

— கேட்டாச்சு தம்பி. ஒண்ணும் இல்லையே. அமைதியாத்தான் இருக்கு.

— அதான் சிக்கலே. பதினஞ்சு வருஷமா ரெக்கார்டிங் வேலை பாக்குறேன், அமைதிக்கும் ஒரு சத்தம் உண்டு. நேத்து மதியம் நீ இந்த ரூம்ல பாய் விரிச்சு, உன் யின் யோகா வகுப்பைப் பேசிக்கிட்டே செஞ்சே. நான் மெஷினை ஓடவிட்டுட்டு மாடிப்படியில உக்காந்து டீ குடிச்சேன். உள்ள உன்னைத் தவிர ஈ காக்கா கிடையாது. சரியா?

— சரி.

— முதல்லருந்து போடுறேன். இதோ நீ. "டேய் எருமை, மைக்கை ஆன் பண்ணிட்டியா, இல்ல போன தடவை மாதிரி என் தொண்டைத்தண்ணி வத்தினதுதான் மிச்சமா?"

— குரல் நல்லா விழுந்திருக்கு.

— விழும், கத்துன கத்து அப்படி. அடுத்தது உன் மாணவிகளுக்கு. "வெயில் போய் குளிர் வர்ற நேரம். பழசு முழுசாப் போயிருக்காது, புதுசு முழுசா வந்திருக்காது. அதான் தூக்கம் கெடும், மூட்டு வலிக்கும், காரணமில்லாம அழுகை வரும். ஒவ்வொரு ஆசனத்துலயும் அஞ்சு நிமிஷம் அசையாம இருங்க. உடம்பு தானா நிதானத்துக்கு வரும்."

— உண்மைதானே?

— உண்மைதான். பருவம் மாறுச்சுன்னா நீ ஆளே உடைஞ்சு போவே. முந்தின வருஷம் பதினோரு நாள் கட்டிலை விட்டு எந்திரிக்கல, நான்தான் ஊட்டிவிட்டேன். இந்த யோகா வந்தப்புறம்தான் கொஞ்சம் தேறினே. அதை நான் குறை சொல்லல.

— பின்ன எதைச் சொல்றே?

— இது பட்டாம்பூச்சி ஆசனம். ரெண்டு பாதத்தையும் சேத்து வச்சு, முன்னால குனிஞ்சு, நெத்தியைத் தலையணையில சாய்ச்சுட்டே. மைக்குக்கும் உன் மூக்குக்கும் ஒரு சாண் தூரம். கேக்குதா, அந்த விசில்? சின்ன வயசுல ஊஞ்சல்லருந்து விழுந்து மூக்கெலும்பு வளைஞ்சதுல வந்தது. ஒரே பாயில படுத்த காலத்துல எனக்கு அதுதான் தாலாட்டு.

— கேக்குது.

— எண்ணிப் பாத்தேன். நிமிஷத்துக்கு ஒன்பது மூச்சு. அப்புறம் ஏழு. அப்புறம் நாலு. இருபத்தோராவது நிமிஷத்துல ஒரு மூச்சு உள்ள போகுது. வெளிய வரல.

— மெதுவா விட்டிருப்பேன்.

— நாலு நிமிஷமாவா?

— மெஷின்ல கோளாறா இருக்கும்.

— பக்கத்துல நீ கழட்டி வச்ச வாட்ச் பதிவாயிருக்கே, ஒரு டிக் விடாம. மூச்சு மட்டும்தான் இல்ல. துணி உரசுற சத்தம்கூட இல்ல.

— இப்ப உன் எதிர்லதானே உக்காந்திருக்கேன்.

— உக்காந்திருக்கே. அதான் காலைலருந்து பித்துப் பிடிச்சவன் மாதிரி இதையே போட்டுக் கேக்குறேன். இருபத்தஞ்சாவது நிமிஷம் மூச்சு திரும்ப வருது. இதோ.

— சீரா வருது.

— சீராத்தான் வருது. விசில் இல்ல.

— மூக்கு திறந்திருக்கும்.

— வளைஞ்ச எலும்பு குனிஞ்சு படுத்தா நிமிந்துருமா? அரை மணி நேரமா காதைத் தீட்டிக்கிட்டு உன் பக்கத்துல இருக்கேன். இப்பவும் கேக்கல. அதோட, அதுக்கப்புறம் பதிவு முடியுறவரைக்கும் நீ ஒரு வார்த்தை பேசல. கதவைத் திறந்து வந்தே, என் தோளைத் தட்டி "நன்றி தம்பி"ன்னே. முப்பத்தஞ்சு வருஷத்துல நீ எனக்கு நன்றி சொன்னதே கிடையாதுக்கா. யோகா நல்லா வேலை செய்யுதேன்னு சிரிச்சுக்கிட்டேன்.

— நன்றி சொன்னது தப்பா?

— தப்பில்ல. ஆனா நேத்து சாயங்காலம் உன் மக பாப்பா உன்கூட இருக்க மாட்டேன்னு அடம்பிடிச்சு என் வீட்டுக்கு வந்துட்டா. ஏழு வயசாகியும் அம்மா முந்தானையை விடாதவ. ஏண்டி கண்ணுன்னு கேட்டேன். "அம்மா மாதிரியே இருக்காங்க மாமா"ன்னா.

— குழந்தை ஏதோ சொல்லியிருக்கா.

— நானும் அப்படித்தான் விட்டேன். இப்ப விட முடியல. என்னை ஒரு தடவை திட்டுக்கா. எருமைன்னு சொல்லு, கழுதைன்னு சொல்லு. எதையாவது சொல்லித் தொலை.

— உன்னைத் திட்ட எனக்கு ஒண்ணும் தோணல தம்பி.

— சரி, திட்ட வேண்டாம். கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோம். மூச்சு நின்னா மூளையில ஏதாவது ஆகும், ஆள் குணம் மாறும்னு கேள்விப்பட்டிருக்கேன். ஊசியோ மருந்தோ, ஏதாவது இருக்கும். எனக்கும் பாப்பாவுக்கும் உன்னை விட்டா யாருக்கா இருக்கா?

— அழாதே. இப்படி உக்காரு.

— உக்கார முடியாது. எந்திரிக்கா.

— ஒவ்வொரு வருஷமும் அழுது அழுது உன் அக்கா ரொம்பக் களைச்சுப் போயிருந்தாங்க தம்பி. இந்தத் தடவை கண்ணைத் திறக்கவே அவங்களுக்கு மனசு வரல. அதான், நான் எழுந்து வந்துட்டேன்.