துப்பாக்கியில் இருந்த சாமந்திப்பூ

— கையை எடுடா அது மேல இருந்து! இன்னொருக்கா தொட்டயின்னா, மாப்ளைன்னுகூடப் பாக்கமாட்டேன்.

— சின்சியரா சொல்றேங்க மச்சான், நல்லதுக்குத்தான் பண்ணுனேன். துருப்புடிச்சுக் கெடந்துச்சு. கிளீன் பண்ணி, கட்டைக்கு வார்னிஷ் அடிச்சு…

— வார்னிஷ்! எம்பது வருசத்துத் துப்பாக்கிக்கு வார்னிஷ்! ஏண்டா கிரீஷ், உனக்கெல்லாம் எவண்டா இன்ஜினியரிங் டிகிரி குடுத்தான்?

— ஆயுத பூஜைங்க மச்சான். நீங்க டல்லாஸ் போயிட்டீங்க. அக்காதான், 'கராஜ்ல இருக்கறதெல்லாம் தொடச்சுப் பொட்டு வெச்சுரு'ன்னுச்சு. ரெண்டு காரு, லான் மோவரு, டிரில்லு, என் லேப்டாப்பு, எல்லாத்துக்கும் வெச்சேன். இந்த வீட்டுல நெசமான ஆயுதம்னு இருக்கறது இது ஒண்ணுதானுங்க. இதைப் போயி உட முடியுங்களா?

— பொட்டு வெச்சதோட நின்னிருக்கோணும். இங்க பாரு. குழாய் ஆரம்பிக்கற எடத்துல, மேல, ஒரு பூ இருந்துச்சு. சாமந்திப்பூ மாதிரி. சப்பான் ராசாவோட முத்திரை. எங்கடா அது?

— அதுங்களா… வயர் பிரஷ்ஷை டிரில்லுல மாட்டி ஓட்டுனனுங்களா, பேந்து வந்துருச்சு. அதான், ஹில்கிராஃப்ட் இந்தியன் கடை வரைக்கும் டிரைவ் பண்ணிப்போயி நெசச் சாமந்தியே வாங்கியாந்து, அந்த எடத்துலயே…

— வாயை மூடு! சாமந்தி வெச்சானாம், சாமந்தி!

— ஒரு பூதானுங்க மச்சான். இத்தாச்சோடு பெரிய துப்பாக்கில…

— அந்தப் பூதாண்டா துப்பாக்கியே! கேளு. ரெண்டாம் உலகப்போர்ல சப்பான்காரன் சரணடைஞ்சப்ப, ராசா முத்திரை எதிரி கைக்குப் போகக்கூடாதுன்னு பூவை அரத்துல ராவிட்டுத்தான் துப்பாக்கியக் குடுத்தான். அதனால பூ முழுசா இருந்தா, சண்டையில ஆளைக் கொன்னு புடுங்குனதும்பாங்க. ராவியிருந்துச்சுன்னா, சண்டை முடிஞ்சு குமிச்சு வெச்சிருந்ததுல ஆளுக்கொண்ணு பொறுக்குனது. வெலையும் அதுலதான், மதிப்பும் அதுலதான்.

— சரிங்க.

— என்ன சரிங்க? நாளைக்குக் காலைல மியூசியத்துக்காரன் வர்றான். எலன் வருது. பக்கத்து வீட்டுப் பட்டாளத்துக் கெழவன் ஹாலிஸ் செத்தப்புறம், அவன் மக எலன் இதை என் கையிலதான குடுத்துச்சு? 'கிட்டு, இது ஒரிஜினலான்னு நீதான் பாத்துச் சொல்லோணும்'னு. நானும் லென்ஸை வெச்சுப் பாத்துட்டு, 'பூ அப்படியே இருக்குது, உங்கப்பா சொன்னது நெசந்தான்'னு சொல்லிப்போட்டேன். ஹூஸ்டன்ல பழைய துப்பாக்கின்னா கிட்டுசாமி பேச்சுக்கு ஒரு மரியாதை இருக்குது. நாளைக்கு வந்து நிக்கறவங்ககிட்ட, என்ற மச்சினன் பாத்திரம் வெளக்கறமாதிரி வெளக்கிப்போட்டான்னா சொல்லறது?

— அவுங்கப்பா என்னதானுங்க சொல்லியிருந்தாரு?

— 'குகைக்குள்ள ஒரு பொடிப்பையன். நேருக்கு நேரா சுட்டேன். அவன் கையில இருந்து எடுத்தேன்.' ரெண்டு பீரு உள்ள போனாப் போதும், இதேதான். எலன் ஒரு சப்பான்காரரைக் கட்டிக்கறேன்னு கூட்டியாந்து நிறுத்துனப்ப, அவரு மூஞ்சிக்கு முன்னாலயே துப்பாக்கியத் தூக்கிக்காட்டி இதைச் சொல்லியிருக்கறான் கெழவன். அன்னிக்குப் படியிறங்குன பொண்ணு, அப்பன் எழவுக்குத்தான் திரும்ப வந்துச்சு.

— அப்பறம் எதுக்குங்க மியூசியத்துக்கு? வித்துப்போட்டுப் போலாமில்ல?

— நானும் கேட்டேன். 'அந்தப் பையனுக்கு ஒரு பேருகூடத் தெரியாது கிட்டு. அவனை நெனைக்கறதுக்கு ஒரு எடமாச்சும் இருக்கட்டும்'னுச்சு. அதைத்தான் நீ டிரில்லு போட்டு அழிச்சிருக்கற.

— மச்சான், திட்டாதீங்க. பேந்ததை நான் தூக்கிப்போடலீங்க. டிஷ்யூல மடிச்சு வெச்சிருக்கறேன். ஒட்ட முடியும்னா…

— ஒட்டறதா? இரும்புலயே குத்துன பூவை எதைப் போட்டுடா ஒட்டுவ? கொண்டா இங்க.

— இந்தாங்க.

— இரு இரு. இதென்னடா, வெரல்ல வளையுது?

— எனக்கும் அப்படித்தானுங்க இருந்துச்சு. பித்தளைப் பாத்திரத்துல ஈயம் உரியற மாதிரி உரிஞ்சு வந்துச்சு.

— ஈயமேதாண்டா! ஈயத்தை ஊத்தி, மேல பூ வெட்டி, கறுப்பு பூசியிருக்குது. அந்த லைட்டை இப்படிப் புடி. இன்னும் கிட்ட.

— என்னங்க தெரியுது?

— கோடு. அரத்துல ராவுன கோடு.

— ஐயோ, அது என்ற டிரில்லு போட்ட கீறலா இருக்குமுங்க.

— உன்ற கீறல் புதுசா மினுக்குது. இது அதுக்கும் அடியில, துரு ஏறிக் கறுத்துக் கெடக்குது. நீயும் நானும் பொறக்கறதுக்கு முன்னாலயே ராவுனது.

— அப்ப நான் அழிச்சது டூப்ளிகேட் பூவுங்களா? அதைத்தான் நீங்க போன வாரம் லென்ஸ் வெச்சு…

— பேசாத! கெழவன் சொன்னதை மண்டைக்குள்ள வெச்சுக்கிட்டுப் பாத்தேன், கண்ணுக்கும் அதுதான் தெரிஞ்சுது. திருட்டுக் கெழவன்! என்ற வீட்டுல உக்காந்து, உங்கக்கா யாமினி குடுத்த காப்பியக் குடிச்சுப்போட்டு, எங்கிட்டயே கதை உட்டிருக்கறான் பாரு. சண்டை முடிஞ்சப்புறம் போயி இறங்குனவன். குமியில இருந்து ஒண்ணு பொறுக்கிட்டு வந்து, வீரன்னு காட்டறதுக்குப் பூ ஒட்டியிருக்கறான்!

— உடுங்க மச்சான். நான் ஒண்ணு சொல்றேன். பூவை நாந்தான் அழிச்சேன்னு எலன் ஆன்ட்டிகிட்டச் சொல்லிடறனுங்க. அதுவும் பொய்யில்லையே? திட்டு எனக்கு. உங்க பேரும் கெடாது, அவுங்கப்பா பேரும் கெடாது.

— அறைஞ்சுபோடுவேன். போனை எடு.

— இப்பவேங்களா? காலைல வரத்தான போறாங்க?

— காலை வரைக்கும்கூட எலன் காத்துக் கெடக்கக்கூடாதுடா. நாப்பது வருசமா அந்தப் பொண்ணு அப்பன் மூஞ்சில முழிக்காம இருந்தது, அவன் பண்ணவே பண்ணாத கொலைக்குடா!