அலமாரிக்குள் ஒரு வால்வு

பழைய இரும்புக் குழாயில் தேவையில்லாமல் கை வைக்கக் கூடாது, ஐயா. ஒரு முனையைத் திருகினால், துருவேறிய மறுமுனை சுவருக்குள்ளேயே விட்டுக்கொள்ளும். இது தெரிந்துதான் வால்வை இடம் மாற்றினேன். வீம்புக்குச் செய்ததல்ல.

என் மனைவிக்குக் கை கழுவும் வியாதி. கதவைத் தொட்டால் கழுவுவாள். கழுவிய குழாயைத் தொட்டதற்காக மறுபடியும் கழுவுவாள். எங்கள் வீட்டை நம்பித்தான் சோப்புக் கம்பெனியே ஓடுகிறது என்று என் தங்கை கேலி செய்வாள். நானும் சிரித்தவன்தான். விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்த பிறகு எப்படிச் சிரிப்பது? மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அது அவளைத் தூங்க வைத்தது. எழுந்ததும் கழுவப் போனாள்.

வீட்டுத் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வு குளியலறையில் இருந்தது. நான் மூடினால் அவள் திறந்துவிடுவாள். அதனால் அதை என் அறை அலமாரிக்குள் மாற்றச் சொன்னேன். பிளம்பர் குழாயைத் தட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

“நீங்க பூட்டிட்டு வெளிய போயிட்டா, அவசரத்துக்கு அவங்க எப்படி சார் மூடுவாங்க?”

“அவ எங்க மூடுவா? அதானே பிரச்சினை.”

இருவரும் சிரித்தோம். அவசரத்துக்கு மூடுவதைப் பற்றி மட்டும்தான் பேசினோம், பாருங்கள்.

அதன்பின் வீட்டில் ஒழுங்கு வந்தது. சமையலுக்கும் குளியலுக்கும் நானே திறந்துவிடுவேன். வாளியில் ஒளித்துப் பிடித்துவைத்தால் கொட்டிவிடுவேன். “என்னங்க, கொஞ்சம் தண்ணி விடுங்களேன்” என்று என் அறைக் கதவருகே வந்து நிற்பாள். மனசு கேட்காது. பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

நேற்று சமைக்கிற சாக்கில் விடாமல் கழுவினாள். மூடிவிட்டேன். சற்று நேரத்தில் அலமாரிக்குள் குழாய் முனகியது. தண்ணீரில்லாதபோது யாராவது திறந்தால் அது அப்படித்தான் காற்றை இழுக்கும். “என்னங்க, தண்ணி, தண்ணி” என்று கத்தினாள். தினமும் கேட்கிற அதே வார்த்தைகள்தான். நடிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு துணி கருகும் வாடை வந்தது. நடிப்பில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். அதை மறைக்க மாட்டேன். சாவியும் கையில்தான் இருந்தது. ஆனால் கத்தினால் தண்ணீர் வரும் என்று ஒரு தடவை பழகிவிட்டால், அவளுக்காக நான் பட்ட பாடெல்லாம் வீண். சத்தம் அடங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அடங்கியதும் திறந்தேன். சமையலறைக்குப் போனால் தண்ணீர் வீணாகக் கொட்டிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்தபடியே விட்டிருந்தாள். அதை மூடிவிட்டுத்தான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன்.